‘கரண்ட் வைப்பதற்கு’ முந்தைய நாட்கள்: ஒரு மனநல ஆயத்தச் சேவையின் மதிப்புரை

கதிர்வீச்சுச் சிகிச்சை தொடங்கவிருக்கும் புற்றுநோயாளர்களின் மனநிலையைக் கவனிப்பதற்கென்றே ஒரு மருத்துவமனையின் கதிர்வீச்சுப் பிரிவு நடத்திவரும் ஆயத்தச் சேவையை என் தந்தைக்காக நாங்கள் பயன்படுத்தினோம். மருத்துவமனையின் பெயரை நான் குறிப்பிடப் போவதில்லை. நான் சொல்லவிருக்கும் குறைகள் அந்த ஓர் இடத்துக்கு மட்டும் உரியவையாக இருக்க வழியில்லை. நிறைகளோ, மனம் வைத்தால் எந்தக் கதிர்வீச்சுப் பிரிவும் செய்யக்கூடியவை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தச் சேவை எங்களுக்குப் பேருதவியாக இருந்தது, ஆனால் ஆறு நாள் தாமதமாக வந்துசேர்ந்தது. அந்த ஆறு நாட்களில் அப்பா பட்ட பாட்டைத் தவிர்த்திருக்க முடியும் என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

என் தந்தைக்கு வயது 67. லைன்மேனாக 30 ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். குரல் கம்மி மூன்று மாதமாகியும் தெளியாததால் பரிசோதித்தபோது, குரல்நாணில் தொடக்கநிலைப் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. வேறெங்கும் பரவியிருக்கவில்லை. அறுவைச் சிகிச்சை, கதிர்வீச்சு ஆகிய இரண்டில் எதையும் தேர்ந்தெடுக்கலாம் என்ற நிலையில், கலந்து பேசிக் கதிர்வீச்சு என்று முடிவாயிற்று. வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் 28 அமர்வுகள், மொத்தம் 63 கிரே (உடல் ஏற்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). தொடக்கநிலைக் குரல்நாண் புற்றுநோய்க்கு இது வழக்கமான அளவுதான் என்றும், குணமாகும் வாய்ப்பு மிக நன்றாக உள்ள புற்றுநோய்களில் இதுவும் ஒன்று என்றும் மருத்துவர் தெளிவாகவே சொன்னார். அதனால் அச்சப்பட எங்களுக்குக் காரணம் குறைவு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பா அப்படி நினைக்கவில்லை என்பது எனக்குத் தெரியவே இல்லை.

மருத்துவமனையின் நடைவழியில் ‘கதிர்வீச்சு’ என்ற சொல்லைக் கேட்பது அரிது. நோயாளிகளும் உடன் வருபவர்களும், சில வேளைகளில் ஊழியர்களும்கூட, ‘கரண்ட் வைப்பது’ என்றுதான் சொல்கிறார்கள். முதல் நாளே பக்கத்து இருக்கைக்காரர் அப்பாவிடம், ‘உங்களுக்கு எத்தனை கரண்ட்?’ என்று கேட்டார். பெரும்பாலோர்க்கு அது பழகிப்போன ஒரு பெயர். அப்பாவுக்கு அப்படியில்லை. கம்பத்தின் மேல் வேலை செய்துகொண்டிருந்த உடன் பணியாளர் ஒருவர் மின்சாரம் தாக்கி அவர் கண்ணெதிரே விழுந்திருக்கிறார். கரண்ட் மனித உடலில் எங்கே நுழைந்து எங்கே வெளியேறும், போகும் வழியில் எதையெல்லாம் கருக்கும் என்பதை அவர் பார்த்திருக்கிறார். அந்த அறிவோடுதான், தம் தொண்டையில் 28 முறை கரண்ட் வைக்கப்போகிறார்கள் என்பதை அவர் கேட்டுக்கொண்டிருந்தார். எல்லோரும் ‘கதிர்வீச்சு’ என்றே சொல்லியிருந்தால் அச்சம் குறைந்திருக்குமா என்றால், அதுவும் உறுதியில்லை. அந்தச் சொல்லோடு சேர்ந்து மனத்தில் எழுபவை அணுகுண்டும் அணு உலை விபத்தும் அல்லவா? இந்த இரண்டு பெயர்களில் எதை நோயாளி மனத்தில் சுமந்துகொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறார் என்று முதல் நாளிலேயே யாராவது கேட்டிருக்க வேண்டும். யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அவருடைய கலக்கத்தை நான் அறியாமல் போனதற்கு அவருடைய நோயும் ஒரு காரணம். அவர் பேசாமல் இருந்ததைக் குரலுக்கு ஓய்வு கொடுப்பதாக எடுத்துக்கொண்டேன். பீரோவிலிருந்த காகிதங்களை எல்லாம் எடுத்து அடுக்கி, வங்கிப் புத்தகத்தையும் ஓய்வூதிய ஆவணங்களையும் ஓர் உறையில் போட்டு அதன்மேல் என் தம்பியின் பெயரை எழுதி வைத்ததை, ஓய்வு நேரத்தில் செய்யும் ஒழுங்குவேலை என்று நினைத்தேன். நான்கு வயதான என் மகளைத் தூக்குவதை அவர் நிறுத்திக்கொண்டதை மட்டும் கவனித்தேன். அதையும் உடல் அசதி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சிகிச்சை இன்னும் தொடங்கவில்லை, உடலில் ஒரு கதிர்கூடப் படவில்லை. ஆனாலும் குழந்தையைத் தொட்டால் அவளுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று அஞ்சி, விலகியிருக்க அவர் அப்போதே பழகிக்கொண்டிருந்தார் என்பது பின்னர்தான் தெரிந்தது.

சிகிச்சை என்று முடிவான நான்காம் நாள் திட்டமிடல் ஸ்கேனுக்கு அழைத்தார்கள். தலை, கழுத்துப் பகுதிகளில் கதிர்வீச்சு கொடுக்கும்போது ஒவ்வோர் அமர்விலும் தலை அதே இடத்தில் அசையாமல் இருக்க வேண்டும் என்பதற்காக, முகத்துக்கும் கழுத்துக்கும் ஓர் அச்சு எடுக்கிறார்கள். எல்லோரும் அதை ‘மாஸ்க்’ என்கிறார்கள். துளைகள் நிறைந்த ஒரு பிளாஸ்டிக் தகட்டை வெந்நீரில் இளக்கி, இளஞ்சூடாக முகத்தின்மேல் பரப்பி, மேசையோடு பூட்டிவிடுகிறார்கள். சில நிமிடங்களில் அது ஆறி, இறுகி, முகத்தின் வடிவிலேயே கெட்டிப்படுகிறது. அப்பாவிடம் இவற்றையெல்லாம் சொன்னது மேசையில் படுக்க வைத்த பிறகுதான். அச்சு இறுகிக்கொண்டிருக்கும்போதே, ஸ்கேன் ஓடும் நேரத்தில் எச்சில் விழுங்க வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். குரல்வளை அசைந்தால் படம் சரியாக வராது என்பதால் அது தேவையான அறிவுரைதான். ஆனால் கண்ணும் வாயும் மூடப்பட்டு, தலையை அசைக்க முடியாமல், தொண்டையில் எச்சில் திரண்டுகொண்டிருக்கும் ஒருவருக்கு அது மூச்சு முட்டுவதாகவே தோன்றும். அவர் கைகளை உதறி எழ முயன்றார். ஊழியர்கள் உடனே அச்சைக் கழற்றிவிட்டார்கள். வெளியே வந்தவர் சட்டை முழுதும் வியர்வையில் நனைந்திருக்க, ‘எனக்கு இது வேண்டாம், வீட்டுக்குப் போகலாம்மா’ என்று கம்மிய குரலில் சொன்னார்.

அன்றைக்கு அங்கிருந்த மூத்த கதிர்வீச்சுத் தொழில்நுட்பர்தான் எங்களை இந்தச் சேவைக்கு அனுப்பினார். அப்படி ஒரு சேவை இருப்பதையே அப்போதுதான் அறிந்தோம். இரண்டு நாள் கழித்து, ஆறாம் நாள், முதல் சந்திப்பு கிடைத்தது.

சந்திப்பு நடந்த அறை சிறியது. உள்ளே மேசை இல்லை, மூன்று நாற்காலிகள் மட்டும் இருந்தன. உளவியலாளர் ஒருவரும் அதே மூத்த தொழில்நுட்பரும் இருந்தார்கள். உளவியலாளர் மட்டும் இருந்திருந்தால் பாதிதான் பயன் கிடைத்திருக்கும் என்று நினைக்கிறேன். அப்பாவின் அச்சங்களில் பல, இயந்திரத்தைப் பற்றியவை. அவற்றுக்கு விடை சொல்ல இயந்திரத்தோடு வேலை செய்பவர்தான் வேண்டும். அதேபோல் தொழில்நுட்பர் மட்டும் இருந்திருந்தால், அப்பா ‘எல்லாம் சரிதான்’ என்று தலையாட்டிவிட்டு எழுந்து வந்திருப்பார்.

முதலில் வெப்பமானியைப் போல வரையப்பட்ட ஒரு தாளைக் கொடுத்தார்கள். கடந்த ஒரு வாரத்தில், இன்று உட்பட, மன உளைச்சல் எவ்வளவு இருந்தது என்பதை 0 முதல் 10 வரையுள்ள கோட்டில் குறிக்க வேண்டும். பக்கத்தில் குடும்பம், உடல், மனம், அன்றாடக் காரியங்கள் என்று உளைச்சலுக்கான காரணங்கள் வரிசையாக இருக்கும். உலகின் பல புற்றுநோய் மையங்களில் பயன்படும் கருவி இது. 4 அல்லது அதற்கு மேல் குறித்தால் மேற்கொண்டு கவனிக்க வேண்டும் என்பது பரவலான வழக்கம். புற்றுநோயாளரின் மனநிலையைத் தனித் துறையாக வளர்த்தவர்களில் முதன்மையானவர் ஜிம்மி ஹாலண்ட் என்ற அமெரிக்க மனநல மருத்துவர். 1977ஆம் ஆண்டு நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில் இதற்கென ஒரு பிரிவு அவர் தலைமையில் தொடங்கப்பட்டது. ‘மனநோய்’ என்று கேட்டால் நோயாளிகள் ஒதுங்கிவிடுகிறார்கள் என்பதால், யாரும் கூச்சமின்றி ஒப்புக்கொள்ளக்கூடிய ‘உளைச்சல்’ என்ற பொதுச் சொல்லை அந்தத் துறையினர் வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தார்கள். அந்தத் தேர்வு எவ்வளவு தேவையானது என்பதை நான் அந்த அறையில் கண்டேன். தாளில் ‘மனச்சோர்வு’ என்ற சொல்லைக் கண்டதும் அப்பா பேனாவை மூடினார். ‘உளைச்சல் என்றால் கவலைதான், ஐயா’ என்று உளவியலாளர் சொன்ன பிறகே மறுபடி திறந்தார்.

அப்பா குறித்தது 2. அந்தத் தாளை மட்டும் நம்பியிருந்தால் சேவை அங்கேயே முடிந்திருக்கும். உளவியலாளர் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. நேற்றிரவு எத்தனை மணிக்கு விழித்தீர்கள் என்று கேட்டார். மூன்று மணி என்றார் அப்பா. விழித்து என்ன செய்தீர்கள் என்று அடுத்த கேள்வி. அப்பா சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ‘வாசல் கதவைத் திறந்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்’ என்றார். மூடிய அறையில் அவரால் தூங்க முடியவில்லை. அச்சு இறுகிய அந்த நாலைந்து நிமிடங்கள் இரவுதோறும் திரும்பி வந்துகொண்டிருந்தன. இதைச் சொல்லி முடித்ததும் அவரே தாளை வாங்கி 2ஐ அடித்துவிட்டு 8 என்று எழுதினார். நான் அவர் பக்கத்து அறையில்தான் தூங்கினேன்; எனக்கு ஒன்றும் தெரியாது. இந்தச் சேவையின் ஆகப் பெரிய மதிப்பு என்று நான் கருதுவது அந்தக் கேள்வியைத்தான். வினாத்தாள்களால் பயனில்லை என்று நான் சொல்லவில்லை. பிறகு கொடுத்த 14 கேள்விகள் கொண்ட இன்னொரு தாள் மிக நுட்பமானது. 1983ஆம் ஆண்டு மருத்துவமனை நோயாளிகளுக்கென்றே உருவாக்கப்பட்ட அதில், பசியின்மை, எடை குறைதல் போன்ற, நோயாலேயே வரக்கூடிய அறிகுறிகளைத் தவிர்த்துவிட்டு, பதற்றத்துக்கு ஏழு, மனத்தளர்ச்சிக்கு ஏழு என்று கேள்விகளை அமைத்திருக்கிறார்கள். ஆயினும் எந்தத் தாளும், அதைக் கையில் வைத்துக்கொண்டு எதிரே அமர்ந்திருப்பவர் கேட்கும் அடுத்த கேள்வியின் அளவுக்குத்தான் பயன் தரும்.

அதன்பின் அப்பாவின் கேள்விகள் வந்தன. கரண்ட் என்கிறார்களே, எத்தனை வோல்ட், எந்த வழியாக உடலில் ஏறும் என்று அவர் கேட்டபோது தொழில்நுட்பர் சிரிக்கவில்லை. மருத்துவ இயற்பியலாளரை அழைத்து வந்தார். அவர் அப்பாவைத் தம்மைப் போன்ற ஒரு தொழிலாளராகவே மதித்து விளக்கினார். இயந்திரத்துக்குள்ளே எலக்ட்ரான்களை நுண்ணலைகளால் விரைவுபடுத்தி டங்ஸ்டன் தகட்டில் மோதவிடுகிறார்கள்; அங்கிருந்து வெளிப்படும் எக்ஸ்-கதிர்தான் நோயாளியை வந்தடைகிறது; எலக்ட்ரான்கள் அந்த இடத்தைத் தாண்டுவதில்லை. மின்சாரம் இயந்திரத்துக்குத்தான், உடலுக்கு இல்லை. இந்த இயந்திரத்தில் கதிரியக்கப் பொருள் எதுவும் வைக்கப்படவில்லை. சப்ளையை நிறுத்தினால் கதிரும் அந்தக் கணமே நின்றுவிடும். நோயாளியின் உடலில் எதுவும் தங்குவதில்லை. ஆகவே வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தாராளமாகத் தூக்கலாம். கதிர் படும்போது சூடும் வலியும் தெரியாது. அது புற்று உயிரணுக்களின் டி.என்.ஏ.வைச் சேதப்படுத்துகிறது, பழுது பார்த்துக்கொள்ளும் ஆற்றல் நல்ல உயிரணுக்களுக்கு அதிகம் இருப்பதால்தான் 63 கிரேயை ஒரே நாளில் கொடுக்காமல் 28 நாளாகப் பிரிக்கிறார்கள்.

அப்பா இவற்றையெல்லாம் கேட்டுவிட்டு, ‘நான் உள்ளே படுத்திருக்கும்போது சுவிட்ச் யார் கையில் இருக்கும்?’ என்று கேட்டார். லைன்மேன்கள் கம்பத்தில் ஏறுவதற்கு முன் எல்.சி. வாங்குவார்கள், அதாவது லைன் கிளியர். மேலே இருப்பவர் வேலை முடித்து இறங்கி, எல்.சி.யைத் திருப்பிக் கொடுக்கும்வரை யாரும் சப்ளை கொடுக்கக் கூடாது. அவருடைய தொழில் வாழ்க்கை முழுவதும் உயிர் அந்த ஒழுங்கில்தான் தொங்கியிருந்தது. எல்லோரும் வெளியேறிவிட, கனத்த கதவு மூடிக்கொள்ள, தாம் மட்டும் பூட்டப்பட்டுக் கிடக்க, வெளியே யாரோ ஒருவர் சப்ளை கொடுக்கப்போகிறார் என்பதுதான் அவரை மிகவும் வாட்டிய காட்சி. இயற்பியலாளர் அவரைக் கட்டுப்பாட்டு அறைக்கே அழைத்துச் சென்றார். இரண்டு பேர் நோயாளியின் பெயரையும் திட்டத்தையும் சரிபார்த்த பிறகே தொடங்குகிறார்கள் என்பதையும், கேமராத் திரையில் நோயாளி முழு நேரமும் தெரிவதையும், கதவு திறந்தால் கதிர் தானாக நின்றுவிடுவதையும், அவசர நிறுத்தப் பொத்தானையும் ஒவ்வொன்றாகக் காட்டினார். ‘நீங்கள் கையைத் தூக்கினால் உடனே நிறுத்திவிட்டு உள்ளே வருவோம், ஐயா. அதுதான் உங்கள் எல்.சி.’ என்றார் தொழில்நுட்பர். அந்தச் சொல்லை அவர் அப்பாவிடமிருந்து கேட்ட பத்தே நிமிடத்தில் அப்பாவுக்கே திருப்பிக் கொடுத்தார். எந்தக் கையேட்டிலும் இதை எழுதி வைக்க முடியாது. நோயாளியின் பேச்சைக் கவனித்துக் கேட்பவரால் மட்டுமே முடியும்.

ஏழாம் நாள் அச்சு மறுபடி எடுக்கப்பட்டது. இம்முறை, வேறொரு செயல்விளக்கத் தகட்டை முதலில் அவர் கையில் கொடுத்துத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள். துளைகள் வழியாக ஊதிப் பார்த்தார். தகட்டைப் பூட்டாமல் முகத்தின்மேல் வைத்து மூக்கால் மூச்சிழுத்து, வாயால் அதைவிட மெதுவாக விடும் பயிற்சியை உளவியலாளர் பத்து நிமிடம் செய்வித்தார். பூட்டுகளைத் திறக்க எத்தனை நொடி ஆகிறது என்று அப்பாவையே எண்ணச் சொன்னார்கள். அவர் நான்கு எண்ணுவதற்குள் எல்லாம் கழன்றுவிட்டன. புதிய அச்சில் கண்ணிருக்கும் இடத்தை வெட்டித் திறந்துவிட்டார்கள். அவருடைய சிகிச்சைக்கு அது தடையாக இருக்காது என்று மருத்துவர் ஒப்புதல் கொடுத்திருந்தார். ஸ்கேன் ஒரே முயற்சியில் முடிந்தது. மூன்று நாள் முன்பு இவற்றைச் செய்திருந்தால் முதல் அச்சே போதுமானதாக இருந்திருக்கும்.

பதற்றம் மிகுதியாக இருந்தால் அமர்வுக்கு முன் எடுத்துக்கொள்ளக் குறைந்த அளவில் மருந்து தரலாம் என்றும் உளவியலாளர் சொன்னார். அதற்கு மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும், தூக்கம் வரும் என்பதால் அழைத்துப் போக ஒருவர் உடன் இருக்க வேண்டும். அப்பாவுக்கு அது தேவைப்படவில்லை. தேவைப்படுபவர்கள் தயங்காமல் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். பூட்டிய அச்சுக்குள் பதறுவது யார் கோழைத்தனமும் இல்லை.

ஸ்கேன் முடிந்த பிறகு முதல் அமர்வுக்குப் பதினொரு நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. எங்கள் அனுபவத்தில் இதுதான் மிகக் கடினமான காலம். இந்தச் சேவை மிகுந்த பக்குவத்தோடு நடந்துகொண்டதும் இந்தக் காலத்தில்தான். மூன்று நாள் ஆகியும் அழைப்பு வராததைக் கண்டு, ஸ்கேனில் வேறு ஏதோ பார்த்துவிட்டார்கள், மறைக்கிறார்கள் என்று அப்பா முடிவுகட்டிவிட்டார். புற்று இதற்குள் வளர்ந்துவிடாதா என்ற கேள்வி எனக்கும் இருந்தது. நான்காம் நாள் சேவையின் செவிலியர் தொலைபேசியில் அழைத்து, அந்த நாட்களில் என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று அப்பாவிடமே நேரடியாகச் சொன்னார்: மருத்துவர் ஸ்கேனின் ஒவ்வொரு படத்திலும் புற்று இருக்கும் இடத்தையும், காக்க வேண்டிய தண்டுவடம் முதலியவற்றையும் கோடிட்டு வரைகிறார், இயற்பியலாளர் எந்தக் கோணத்தில் எவ்வளவு கதிர் என்று கணக்கிடுகிறார், இன்னொருவர் அதைச் சரிபார்க்கிறார், பிறகு இயந்திரத்திலேயே வெறுமனே ஓட்டி அளந்து பார்க்கிறார்கள். இவ்வளவு வேலைக்கு இத்தனை நாள் ஆகும், இந்தத் தாமதத்தால் உங்களுக்குக் கெடுதல் வராதபடி மருத்துவர் கணக்கில் வைத்துத்தான் நாள் குறித்திருக்கிறார் என்றார் அவர். ‘வேலை நடக்கிறது’ என்று ஒரு தொழிலாளியிடம் சொன்னால் அவர் காத்திருப்பார். ‘அழைக்கிறோம்’ என்று மட்டும் சொன்னால் யாராலும் காத்திருக்க முடியாது.

அழைப்பு வந்தது பகலில். அச்சம் வந்ததோ விடியற்காலை மூன்று மணிக்கு. சேவையின் தொலைபேசி மாலை ஐந்து மணியோடு நின்றுவிடுகிறது என்பது இதன் பெரிய குறைகளில் ஒன்று. இரவு முழுவதும் ஆள் வைப்பது கடினம் என்பது எனக்கும் தெரியும். அவர்கள் சொன்ன மாற்றுவழி, விழித்தவுடன் கேள்வியை ஒரு நோட்டில் எழுதி வைப்பது. அப்பா 14 கேள்விகள் எழுதினார். தலைமுடி கொட்டுமா என்பது ஒன்று; கதிர் படும் இடத்தில் தாடி வளர்வது குறையலாம், தலைமுடிக்கு ஒன்றும் ஆகாது என்று விடை கிடைத்தது. நடுவில் மின்தடை ஏற்பட்டால் என்ன ஆகும் என்பது இன்னொன்று. கதிர் நின்றுவிடும், அதுவரை கொடுத்த அளவு பதிவாகியிருக்கும், மீதியை மட்டும் பிறகு கொடுப்பார்கள் என்றார்கள். ‘மறுபடி பழைய குரல் வருமா’ என்ற கேள்விக்கு அவர்கள் உறுதிமொழி எதுவும் கொடுக்கவில்லை. சிகிச்சையின்போது குரல் இன்னும் கம்மும், முடிந்த பிறகு மாதக்கணக்கில் மெல்லத் தெளியும், பெரும்பாலோர்க்கு நல்ல குரலே திரும்புகிறது என்று உள்ளதைச் சொன்னார்கள். அப்பா அந்த விடையைத்தான் மிகவும் நம்பினார்.

மற்றக் குறைகளையும் சொல்ல வேண்டும். முதன்மையானது நேரம். இந்தச் சேவைக்கு நோயாளியை அனுப்புவது யாருடைய பொறுப்பு என்று அந்தப் பிரிவில் வரையறுக்கப்படவில்லை. பதறுபவர்களை மட்டும், பதறிய பிறகு, அனுப்புகிறார்கள். ஆஸ்திரேலியாவில் மார்பகப் புற்றுநோயாளர்களிடையே நடந்த ‘ஆர்டி பிரிப்பேர்’ என்ற ஆய்வில், கதிர்வீச்சுத் தொழில்நுட்பர்களே நோயாளியைத் திட்டமிடல் ஸ்கேனுக்கு முன் ஒருமுறையும் சிகிச்சை தொடங்குவதற்கு முன் ஒருமுறையும் சந்தித்து விளக்கினார்கள். அவ்வாறு சந்தித்தவர்களிடம் பதற்றம் குறைவாக இருந்தது. ஸ்கேனுக்கு முந்தைய சந்திப்புக்கு அதில் இடம் ஒதுக்கியிருப்பதைக் கவனிக்க வேண்டும். நோயாளியின் உளைச்சல் முதல் கதிரோடு தொடங்குவதில்லை, சிகிச்சையின் பெயரைக் கேட்ட அன்றே தொடங்கிவிடுகிறது. இயந்திரம் என்ன செய்யும் என்பது தெரியாத அந்த நாட்களில்தான் கற்பனை எல்லாவற்றையும் செய்துவிடுகிறது.

அடுத்தது கையேடு. எட்டுப் பக்கக் கையேட்டில் சிகிச்சைக்குப் பிந்தைய தோல் பராமரிப்பு, உணவு பற்றியெல்லாம் இருக்கிறது. அச்சைப் பற்றி இரண்டே வரி. அதைவிட மோசம், கதிர்வீச்சு என்று வர வேண்டிய இடங்களில் எல்லாம் ‘கதிரியக்கம்’, அதாவது ஒரு பொருள் தானாகவே கதிரை உமிழ்வது, என்று அச்சிட்டிருக்கிறார்கள். உடலில் கதிரியக்கம் இருக்காது என்று இயற்பியலாளர் அரை மணி நேரம் விளக்கியதை அந்த ஒரு சொல் கலைத்துவிடும். நான் சுட்டிக்காட்டியபோது குறித்துக்கொண்டார்கள்.

இன்னொன்று, இரண்டாம் சந்திப்பில் மனநிலை பற்றிய கேள்விகளை, பயிற்சியில் இருந்த ஊழியர் ஒருவர் நடைவழியில், பிறர் காதுபட, ‘தற்கொலை எண்ணம் உண்டா’ என்பது வரை உரக்கப் படித்துக் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். கேட்கக் கூடாத இடம். அப்பா எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்றே சொன்னார், வேறு எப்படிச் சொல்வார்?

உடன் இருப்பவர்களைப் பற்றி முதல் சந்திப்பில் ஒரு சொல்லும் இல்லை. நான் அறையின் மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். என் தந்தை இரவெல்லாம் விழித்திருந்தது எனக்குத் தெரியாமல் போனதை அந்த அறையில் வைத்துத் தெரிந்துகொண்டு, அந்தக் குற்ற உணர்வோடு வீட்டுக்கு வண்டி ஓட்டி வந்தேன். இரண்டாம் சந்திப்பின் முடிவில் உளவியலாளர் அப்பாவை வெளியே அனுப்பிவிட்டு, ‘நீங்கள் எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள், அம்மா?’ என்று கேட்டபோது எனக்குப் பேச்சு வரவில்லை. அந்தக் கேள்வி முதல் நாளுக்கு உரியது.

முதல் அமர்வன்று தொழில்நுட்பர் அப்பாவுடன் உள்ளே சென்று, அச்சைப் பூட்டிய பிறகு அவர் கையைத் தொட்டு, ‘வெளியே போகிறேன், ஐயா, திரையில் உங்களைப் பார்த்துக்கொண்டே இருப்பேன்’ என்று சொல்லிவிட்டு வந்தார். நான் வெளியே இருந்தேன். ஒலிபெருக்கியில் ஒவ்வொரு கட்டத்தையும் அவர் அறிவித்துக்கொண்டிருந்தார்: இப்போது படம் எடுக்கிறோம், இப்போது இயந்திரம் சுற்றும், இப்போது பாதி முடிந்தது. உள்ளே போனதிலிருந்து வெளியே வரும்வரை 20 நிமிடம். கதிர் பாய்ந்தது அதில் மூன்று நிமிடம்கூட இருக்காது. அப்பா ஒருமுறையும் கையைத் தூக்கவில்லை. வெளியே வந்ததும், ‘ஒன்றுமே தெரியவில்லை, ஒரு இரைச்சல் மட்டும்’ என்றார். அன்று மாலை என் மகள் அவர் மடியில் ஏறி உட்கார்ந்தபோது அவர் அவளை இறக்கிவிடவில்லை.

தொடங்குமுன் உச்சத்தில் இருக்கும் பதற்றம் அமர்வுகள் போகப் போகத் தணிவது பொதுவாகக் காணப்படுவதுதான். ஐந்தாம் அமர்வுக்குள் அப்பா அச்சைத் தாமே எடுத்துக் கொடுக்கும் அளவுக்கு வந்துவிட்டார். ஆனால் தலை, கழுத்துப் பகுதியில் சிகிச்சை பெறுபவர்களுக்குக் கடைசி வாரங்களில் தொண்டைப் புண்ணும் விழுங்கும் வலியும் அசதியும் சேரும்போது மனத்தளர்ச்சி புதிதாகத் தலைதூக்கக்கூடும். இந்தச் சேவையோ முதல் வாரத்தோடு நோயாளியைச் சிகிச்சைப் பிரிவிடம் ஒப்படைத்துவிட்டு விலகிக்கொள்கிறது. 22ஆம் அமர்வுக்குப் பிறகு அப்பா மறுபடி பேசாமல் இருக்கத் தொடங்கினார். இம்முறை அதைக் குரல் ஓய்வு என்று நான் நினைக்கவில்லை. எத்தனை மணிக்கு விழித்தீர்கள் என்று நானே கேட்டேன், கேட்டுவிட்டு மறுநாள் காலை சேவையின் எண்ணுக்கு அழைத்தேன். பழைய நோயாளிகளுக்கு நேரம் ஒதுக்கும் முறை இல்லை என்று முதலில் சொன்ன செவிலியர், பெயரைக் கேட்டதும், ‘லைன்மேன் ஐயாவா? பதினோரு மணிக்கு அழைத்து வாருங்கள்’ என்றார்.